மழை அளக்க உள்ளூர் ஆட்கள்: பள்ளிக்கூடமா, கறவை மாட்டு வீடா, ஆர்வலரா, ஊக்கத்தொகையா?

"எங்கள் ஒன்றியத்தில் இருபது, இருபத்தைந்து கிராமங்களில் தினமும் மழையை அளந்து சொல்ல உள்ளூர் ஆட்களைச் சேர்க்க நினைக்கிறோம். பள்ளிக்கூடங்களை அணுகலாமா, விவசாயிகளையா, இல்லை மாதம் ஏதாவது கொடுத்து ஆள் வைத்துவிடலாமா?" ஏரிச் சங்கத்துக்காரர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், நீர்நிலை மீட்புக் குழுக்கள் எனப் பலரும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். மழைமானி வாங்குவது ஒரு நாள் வேலை. அதை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் மாதக்கணக்கில் இழுபடுகிறது. அதற்குள் ஐப்பசி வந்துவிடுகிறது.

அரசு மழைமானிகள் இருக்கும்போது நாமும் அளக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு நாளின் கணக்கைக் காட்டினால் போதும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மூன்றும் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் இடங்கள். நுங்கம்பாக்கத்து எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அடையாற்றுக்கு வந்த தண்ணீரை யாராலும் கணக்குப் போட முடியாது. மாநகரத்திலேயே இப்படி என்றால், தாலுகாவுக்கு ஒன்றிரண்டு மானிகளே இருந்துவந்த உள்நாட்டு வட்டாரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாலுகா அலுவலகத்தில் தூறல், எட்டு கிலோமீட்டர் தள்ளி ஏரி மறுகால் பாயும் மழை என்பது அங்கே சாதாரண விஷயம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் 1997 ஜூலை 28ஆம் தேதி பெருவெள்ளம். ஊரின் மேற்குப் பக்கம் சுமார் 36 செ.மீ., கிழக்கே சில மைல் தள்ளி 5 செ.மீ.க்கும் குறைவு. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் காலநிலை ஆய்வாளராக இருந்த நோலன் டோஸ்கன், உண்மையில் எங்கே எவ்வளவு பெய்தது என்று தெரிந்துகொள்ள வீட்டுக்காரர்களிடமே கேட்டு எண்களைத் திரட்டினார். அதிலிருந்து 1998இல் 'கோகோராஸ்' என்ற தன்னார்வ மழை அளவை அமைப்பு பிறந்து, நாடு முழுவதும் பல்லாயிரம் பேர் தினமும் அளக்கும் அமைப்பாக வளர்ந்தது. நமக்குப் பக்கத்தில் வயநாட்டில், கல்பற்றாவில் இயங்கும் ஹியூம் சூழலியல் மையம் மாவட்டம் முழுக்க 200க்கும் மேற்பட்ட மழைமானிகளை உள்ளூர்க்காரர்களின் துணையோடு கவனித்துவருகிறது. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் நிலச்சரிவு நடந்தது. அதற்கு முந்தைய நாளே, அந்தச் சரிவை ஒட்டிய மானிகளின் அளவை வைத்து அந்த மையம் மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்திருந்தது.

ஆக, உள்ளூர்க்காரர்களால் முடியும். எந்த உள்ளூர்க்காரர் என்பதுதான் கேள்வி.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

ஆர்வம், படிப்பு, ஸ்மார்ட்போன். பொதுவாக இந்த மூன்றைப் பார்த்துத்தான் ஆள் சேர்க்கிறார்கள். மூன்றும் இருந்தால் நல்லதுதான். ஆனால் கணக்கு நிலைக்கிறதா, பாதியில் அறுந்துபோகிறதா என்பதை முடிவு செய்பவை வேறு.

காலை எட்டரை. இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடிகிறது. அளவு, எடுத்த தேதியில் எழுதப்படும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பெய்த 95 செ.மீ. மழை பெரும்பாலும் 17ஆம் தேதி பகலிலும் இரவிலும் கொட்டியது. கணக்கில் அது 18ஆம் தேதி மழை. இந்த ஒழுங்கு பிசகினால் நம் எண்ணை அரசு எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. ஒருவர் ஆறு மணிக்கும் இன்னொருவர் பத்து மணிக்கும் எடுத்தால், விடிகாலை மழை ஒரு ஊரில் இன்றைக்கும் பக்கத்து ஊரில் நாளைக்கும் ஏறிவிடும். எட்டிலிருந்து ஒன்பதுக்குள் என்றால் பரவாயில்லை.

பெருமழை நாள். இதுதான் எனக்கு முதல் அளவுகோல். ஆண்டு மழையில் பெரும்பங்கு சில நாட்களிலேயே கொட்டிவிடுகிறது. அந்த நாட்களில் அளவு விட்டுப்போனால் மற்ற முந்நூறு நாள் உழைப்பும் பாதி வீண். அதோடு, 200 சதுர செ.மீ. வாயுள்ள மானிக்குள் 4 லிட்டர் கொள்கலன் இருந்தால் அது 20 செ.மீ. மழையோடு நிரம்பிவிடும். அதற்கு மேல் பெய்வது வழிந்தோடும். நடுவில் யாராவது அளந்து, நேரத்தைக் குறித்து, கொட்டிவிட்டு மறுபடி வைத்தால்தான் கணக்கு நிற்கும். அந்த 'யாராவது' இரவு பதினோரு மணிக்கு மானிக்குப் பக்கத்தில் இருப்பாரா?

பூஜ்யம். மழை இல்லாத நாளில் '0' என்று எழுதி அனுப்ப வேண்டும். எழுதாமல் விட்டால், மழை இல்லையா, ஆள் இல்லையா என்று யாருக்கும் தெரியாது. புதிதாகச் சேர்ந்த யாரிடமும் முதல் மாதத்தில் இந்தப் பேச்சு நடக்கும்:

"அக்கா, நேத்து ஒண்ணும் பெய்யல. அதான் அனுப்பல."

"பெய்யலன்னு அனுப்புங்க தம்பி. அதுவும் கணக்குதான்."

பங்குனி, சித்திரையில் தொடர்ந்து நாற்பது நாள் பூஜ்யம் அனுப்பக்கூடியவர்தான் உண்மையில் நமக்குக் கிடைத்த ஆள்.

இடம். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி மானி இருக்க வேண்டும். தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் அதன் வாய் சமமட்டமாக இருக்க வேண்டும். ஆடு, மாடு, கிரிக்கெட் பந்து மூன்றும் அண்டக்கூடாது.

எத்தனை வருடம். ஒரே இடத்தில் ஐந்து வருடம் எழுதிய கணக்கு, ஐந்து இடங்களில் ஒவ்வொரு வருடம் எழுதிய கணக்கைவிடப் பல மடங்கு பயன்படும்.

ஒருங்கிணைப்பவரின் நேரம். யாரும் பட்ஜெட்டில் எழுதாத செலவு இது. எண் வராத ஊருக்குப் போன் போடுவது, சந்தேகமான எண்ணை விசாரிப்பது, உடைந்த புனலை மாற்றுவது. இருபத்தைந்து ஊர் என்றால் மழைக்காலத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது ஒருவருக்கு இதே வேலையாக இருக்கும்.

## பள்ளிக்கூடம்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். காரணமும் இருக்கிறது. தலைமையாசிரியர் ஒருவரைப் பார்த்துப் பேசினால் போதும், இடம், ஆள், ஆர்வம் எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிடுகின்றன. தேசிய பசுமைப் படை மாணவர்கள் ஏற்கெனவே இருப்பார்கள். மைதானம் திறந்தவெளி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மி.மீ. கணக்கைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் "நேற்றைய மழை 14 மில்லிமீட்டர்" என்று ஒரு பெண் பிள்ளை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது அந்த ஊரே மழையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறது. இதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனால் பெருமழை அளவுகோலில் பள்ளி விழுந்துவிடுகிறது. கனமழை எச்சரிக்கை வந்தால் மாவட்ட ஆட்சியர் முதலில் அறிவிப்பதே பள்ளி விடுமுறையைத்தான். எந்த நாளுக்காக மானியை வைத்தோமோ அந்த நாளில் கேட் பூட்டிக் கிடக்கும். பள்ளி நடப்பது ஆண்டுக்குச் சுமார் 220 நாள். சனி, ஞாயிறு, தீபாவளி, அரையாண்டு விடுமுறை எல்லாம் வடகிழக்குப் பருவமழைக்குள்ளேயே வருகின்றன. கோடை மழையில் பெரும்பகுதி கோடை விடுமுறையில் போய்விடும்.

திங்கட்கிழமை காலையில் மானியில் 62 மி.மீ. இருந்தால், அது மூன்று நாள் மழை. பிள்ளைகள் அதைத் திங்கட்கிழமைக் கட்டத்தில் எழுதிவிடுவார்கள். பின்னால் பார்ப்பவருக்கு அன்று ஒரே நாளில் கொட்டியது போலத் தெரியும். 'சனி முதல் திங்கள் வரை மொத்தம்' என்று எழுதும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

இன்னொரு மறைமுகச் செலவு, ஆசிரியர் இடமாறுதல். பெரும்பாலான பள்ளிகளில் மழைமானி என்பது ஒரு ஆசிரியரின் அக்கறை. அவர் மாறுதலாகிப் போனால் புனலில் குளவி கூடு கட்டிவிடும்.

எப்போது பள்ளி சரியான தேர்வு? நோக்கம் கல்வியாக இருந்தால் தயங்கவே வேண்டாம். கணக்கும் வேண்டுமென்றால், பள்ளியை ஒட்டியே குடியிருக்கும் ஒரு வீட்டில் விடுமுறை நாள் பொறுப்பை எழுத்தில் ஒப்படைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். சத்துணவு அமைப்பாளரோ காவலரோ உள்ளூர்க்காரராக இருந்தால் இன்னும் எளிது. விடுதி உள்ள பள்ளி என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கேரளத்தில் மீனச்சில் ஆற்றுப் படுகையில் மாணவர்களும் ஊர்மக்களும் சேர்ந்து மழையையும் ஆற்று மட்டத்தையும் குறித்துப் பகிர்கிறார்கள். அங்கே பள்ளி தனியாக நிற்கவில்லை, ஊர் அதோடு நிற்கிறது.

## விவசாயி, குறிப்பாகக் கறவை மாடு உள்ள வீடு

மழையை விவசாயி எப்போதும் அளந்துகொண்டுதான் இருக்கிறார். "ஒரு உழவு மழை" என்று அவர் சொல்வது மண்ணில் எவ்வளவு ஈரம் இறங்கியது என்ற கணக்குதான். அதோடு ஒரு எண்ணையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வதுதான் நம் வேலை. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஒரு ஏக்கரில் 10 மி.மீ. பெய்தால் சுமார் 40,000 லிட்டர். இதை ஒரு முறை சொல்லிவிட்டால், மோட்டார் போடலாமா வேண்டாமா என்று அவரே மானியைப் பார்த்து முடிவு செய்ய ஆரம்பிக்கிறார். தனக்கே பயன்படும் எண்ணை யாரும் சீக்கிரம் கைவிடுவதில்லை. இந்தோனேசியாவின் இந்திரமாயு பகுதியில், மானுடவியலாளர் யுனிதா வினார்தோவும் வேளாண் வானிலையாளர் கீஸ் ஸ்டிக்டரும் தொடங்கிவைத்த முயற்சியில், நெல் விவசாயிகள் தங்கள் வயலிலேயே தினமும் மழையை அளக்கிறார்கள். கூடவே பயிர் நிலை, பூச்சி எல்லாவற்றையும் குறித்து, மாதம் ஒரு முறை கூடிப் பேசுகிறார்கள். எண் வெறுமனே மேலே போகவில்லை, பேச்சாகத் திரும்பி வருகிறது. அதனால்தான் அது நிலைக்கிறது.

ஆனால் எல்லா விவசாயியும் ஒன்றல்ல. வயல் ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டரில் இருந்து, அறுவடை முடிந்தால் மூன்று மாதம் அந்தப் பக்கமே போகாதவர் நமக்கு உதவமாட்டார். அதனால் நான் சொல்வது இது: ஊருக்குள் போனதும் பால் சொசைட்டியைத் தேடுங்கள். காலையில் பால் ஊற்ற வருபவர்களில் வீட்டோடு சேர்ந்தே காலி இடம் உள்ள மூன்று பேரைச் செயலாளரிடம் கேளுங்கள்.

கறவை மாடு உள்ள வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போக முடியாது. கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் ஒருவர் தங்கியே ஆக வேண்டும். மழையோ பண்டிகையோ, விடியற்காலையில் எழுந்தே தீர வேண்டும். பால் கறந்து ஊற்றிவிட்டு வந்து, தவிடு கரைத்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் மணி எட்டு, எட்டரை. அளந்து எழுதுவதும் அவர்களுக்குப் புதிதில்லை. லிட்டர், லேக்டோமீட்டர், பால் அட்டை என்று தினமும் எண்ணோடுதான் வாழ்கிறார்கள். பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான் இதைச் செய்கிறார். கூட்டத்துக்கு வந்து பெயர் கொடுப்பவர் அவருடைய கணவராக இருப்பார். பயிற்சியை யாருக்குக் கொடுப்பது என்று அங்கேயே தெளிவாகிவிட வேண்டும்.

இதில்தான் என் முக்கியமான பரிந்துரை இருக்கிறது. தன்னார்வலராக ஒரு ஆளைச் சேர்க்காதீர்கள், ஒரு வீட்டைச் சேருங்கள். பதிவேட்டில் இரண்டு பெயர் இருக்கட்டும், பயிற்சிக்கும் இரண்டு பேர் வரட்டும். மாமியார் அளக்க, கல்லூரிப் பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். இந்தியாவில் இன்றும் பயன்படும் சைமன்ஸ் மழைமானிக்குப் பெயர் தந்த ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ், 1860இல் பிரிட்டனில் 168 பேரோடு மழையளவு திரட்டத் தொடங்கினார். 1900இல் அவர் இறக்கும்போது 3,000க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து அளவு வந்துகொண்டிருந்தது. அவருக்கு அளந்து தந்தவர்களில் கணிசமானவர்கள் பாதிரியார்கள், நிலவுடைமையாளர்கள், மருத்துவர்கள். ஒரே வீட்டில் பல்லாண்டு வேர்விட்டு இருந்தவர்கள். ஆண்டுத் தொகுப்பில் அளந்தவர்களின் பெயரையும் அவர் அச்சிட்டார்.

மறைமுகச் செலவு இங்கேயும் உண்டு. பயிர்க்காப்பீடு, வறட்சி நிவாரணம் என்று பேச்சு வரும். "நாங்க எழுதுறத காட்டினா காசு கிடைக்குமா?" என்பார்கள். கிடைக்காது, இது அதிகாரபூர்வக் கணக்கு ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் எண் மெல்ல வளையத் தொடங்கும், அல்லது ஏமாற்றத்தில் ஆள் விலகிவிடுவார். எழுத்து வேகம், போன் பழக்கம் குறைவாக இருக்கலாம். அதற்கு மாதம் ஒரு முறை நேரில் போய்ப் பதிவேட்டைப் படம் எடுத்து வரும் வழியை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ள எச்சரிக்கைக்கு அது போதாது, நீர்க்கணக்குக்குத் தாராளமாகப் போதும்.

## வானிலை ஆர்வலர்

சமூக ஊடகத்தில் ஒரு அறிவிப்பு போட்டால் ஒரே வாரத்தில் ஐம்பது பேர் பெயர் கொடுப்பார்கள். ரேடார் படம் பார்க்கத் தெரிந்தவர்கள், மேகக்கூட்டம் கடலூரைத் தாண்டும்போதே செய்தி போடுபவர்கள். பெருமழை இரவில் தூங்காமல் மணிக்கு மணி அளந்து அனுப்ப இவர்களை விட்டால் ஆள் கிடையாது. அந்த உழைப்பின் மதிப்பை டிசம்பர் மழைகளில் சென்னைவாசிகள் நேரில் பார்த்திருக்கிறார்கள்.

சிக்கல் மூன்று. முதலாவது, ஆட்கள் நகரத்திலேயே குவிந்திருப்பார்கள். வேளச்சேரியில் ஏழு பேர், கல்வராயன் மலையில் ஒருவரும் இல்லை என்று வரைபடம் அமையும். இரண்டாவது, மொட்டைமாடி. அங்கே காற்று வேகம் அதிகம் என்பதால் மானிக்குள் விழ வேண்டிய துளிகள் தள்ளிப்போய், அளவு குறைவாகவே வரும். தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையில் வைத்தால் இன்னும் மோசம். மூன்றாவது, பூஜ்யம். மார்ச்சில் இவர்கள் காணாமல் போவார்கள். குறை சொல்வதற்காக எழுதவில்லை. மழையின் பரபரப்புதான் அவர்களை இதற்குள் கொண்டுவந்தது. அதற்கேற்ற வேலையை அவர்களுக்குக் கொடுப்பதுதான் நியாயம்.

நகர வெள்ளம், மணிக்கணக்கு மழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மட்டும் என்றால் ஆர்வலர்தான் முதல் தேர்வு. சொந்தச் செலவில் மானி வாங்கிக்கொள்வார்கள் என்பதால் குழுவுக்குச் செலவும் குறைவு. ஆனால் ஆளாளுக்கு ஒரு வகை மானி வாங்குவார்கள், அதைச் சரிபார்க்கும் நேரம் நம் தலையில் விழும்.

## ஊக்கத்தொகை கொடுத்து ஆள் வைப்பது

மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர், நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர், கடை வைத்திருப்பவர் என்று ஊரில் ஒருவருக்கு மாதம் ஒரு சிறு தொகை. ஒழுங்கு உடனே கூடும். கேள்வி கேட்கும் உரிமையும் நமக்கு வரும். ஒரு ஊருக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் இருபத்தைந்து ஊருக்கு மாதம் 12,500, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். திட்டப் பணம் மூன்று ஆண்டில் நின்றால் கணக்கும் அன்றைக்கே நிற்கும். இதுவரை சும்மா செய்தவர்கள்கூட அப்புறம் சும்மா செய்யமாட்டார்கள். பக்கத்து ஊர்க்காரருக்குப் பணம், எனக்கு இல்லையா என்ற கேள்வி ஒரே மாதத்தில் வந்துவிடும்.

பணம் வாங்குபவர் விட்டுப்போன நாளை ஒப்புக்கொள்ளத் தயங்குவார் என்பதையும் யோசிக்க வேண்டும். விட்டுப்போன நாளுக்கு ஏதோ ஒரு எண்ணை எழுதிவைப்பது, வெற்றிடத்தைவிட மோசமானது. தொகை கொடுப்பதாக இருந்தால், "விட்டுப்போச்சு என்று எழுதினால் பிடித்தம் கிடையாது" என்று வாயால் சொல்லி, எழுத்திலும் கொடுங்கள்.

மலைச்சரிவு, அணைக்கு மேல்பகுதி போன்ற இடங்களில் வீடே இருக்காது, அல்லது ஒன்றிரண்டுதான் இருக்கும். அங்கே ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாதென்றால் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மற்ற இடங்களில் மாதத் தொகைக்குப் பதில் போன் ரீசார்ஜ், ஒரு நல்ல டார்ச், ஒரு குடை போதும். பொங்கலுக்கு அந்த ஊரின் ஆண்டு மழையை அச்சடித்து வீட்டுப் பெயரோடு ஒரு அட்டை கொடுத்தால் அதைச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

## ஆளே வேண்டாம், தானியங்கி போதுமே?

தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவும் திட்டத்தை எடுத்திருக்கிறது. மணிக்கணக்கு அளவுக்கு அவை மிகத் தேவை. ஒரு சிறு குழு சொந்தமாக வாங்குவதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். உள்ளே இருப்பது ஒரு சிறிய கவிழும் தொட்டி. இலை, சிலந்தி வலை, எறும்பு, காக்கை எச்சம் எதுவானாலும் அடைத்துக்கொள்ளும். அடைத்தாலும் கருவி 0 என்றே அனுப்பிக்கொண்டிருக்கும். கொட்டும் மழையில் தொட்டி கவிழும் நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் ஏறாமல் போய், அளவு குறையவும் செய்யும். பக்கத்தில் சாதாரண மானி ஒன்றும், அதைப் பார்க்க ஒரு வீடும் இருந்தால்தான் எது சரி என்று சொல்ல முடியும்.

## ஒரே பார்வையில்

| | பள்ளி | கறவை மாட்டு வீடு | ஆர்வலர் | ஊக்கத்தொகை ஆள் |
|---|---|---|---|---|
| காலை 8.30 ஒழுங்கு | வேலை நாளில் நன்று | நன்று | ஆளைப் பொறுத்தது | மிக நன்று |
| பெருமழை நாள் | விடுமுறை | வீட்டிலேயே இருப்பார் | மிக நன்று | வீடும் மானியும் சேர்ந்திருந்தால் நன்று |
| பூஜ்யம் அனுப்புவது | விடுமுறையில் இல்லை | பழகினால் நன்று | கோடையில் இல்லை | நன்று |
| இடம் | மைதானம், ஆனால் பந்து | கொல்லை, ஆனால் மரம், மாடு | மொட்டைமாடி | ஆளைப் பொறுத்தது |
| நீடிப்பு | ஆசிரியர் இருக்கும்வரை | பல ஆண்டு | ஓரிரு பருவம் | பணம் இருக்கும்வரை |
| மறைமுகச் செலவு | மாற்று ஆள் ஏற்பாடு | நேரில் போய்வரும் நேரம், காப்பீட்டு எதிர்பார்ப்பு | மானிகளைச் சரிபார்ப்பது | மற்றவர்களின் மனக்குறை |

## எந்த நிலைமைக்கு எது

கிணறு, ஏரி, பயிர் சார்ந்த நீர்க்கணக்குக்கு: கறவை மாட்டு வீடுகளை முதுகெலும்பாக வையுங்கள். இருபத்தைந்து ஊரில் இருபது அப்படி இருக்கட்டும். நான்கைந்து பள்ளிகளைச் சேருங்கள், ஆனால் ஏற்கெனவே ஒரு வீடு அளக்கும் ஊரிலேயே சேருங்கள். இரண்டு எண்ணையும் ஒப்பிடும்போது பிள்ளைகளுக்கும் பாடம், நமக்கும் சரிபார்ப்பு.

வெள்ள எச்சரிக்கைக்கு: ஆர்வலரும் தானியங்கியும் முன்னால். மேல்படுகையில் ஊக்கத்தொகை ஆள். ஒரு எல்லை அளவை முன்கூட்டியே பேசிவைத்து, அதைத் தாண்டினால் யார் யாரை அழைப்பது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இடி மின்னலிலோ வெள்ளத்திலோ யாரும் மானியைப் பார்க்க வெளியே போகக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஒரு எண்ணுக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்க நாம் காரணமாகக் கூடாது.

மலைப்பகுதிகளில் முதலில் எஸ்டேட் அலுவலகத்தை விசாரியுங்கள். தோட்டங்களில் மழைக்கணக்கு எழுதும் பழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. புதிதாக ஆள் சேர்ப்பதைவிட, இருக்கும் பதிவேட்டைப் பகிரச் சம்மதிக்க வைப்பது பெரிய லாபம்.

எந்த வழியில் போனாலும் மானியில் மட்டும் கலவை வேண்டாம். 100 சதுர செ.மீ. மானிக்கான அளவுக் குடுவையும் 200க்கானதும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். 100 மானியின் தண்ணீரை 200 குடுவையில் ஊற்றினால் உண்மை மழையில் பாதிதான் காட்டும். எல்லா ஊருக்கும் ஒரே வகை வாங்கி, குடுவையை மானியோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். பணமே இல்லையென்றால் நேபாளத்துக் காத்மாண்டு பள்ளத்தாக்கைப் பாருங்கள். 2018 பருவமழையில் 154 பேர் அங்கே சோடா பாட்டிலை வெட்டி, அடியில் சிமெண்ட் போட்டுச் சமமாக்கி, அளவுகோல் ஒட்டி அளந்தார்கள். போனில் படமும் சேர்த்து அனுப்பியதால் தவறான எண்களைப் பின்னால் திருத்த முடிந்தது. நம் ஊரில் அதிகம் வரும் தவறு அலகுதான். செய்தித்தாளில் செ.மீ. படித்துவிட்டு மானியில் மி.மீ. பார்ப்பவர் 35க்குப் பதில் 3.5 என்று அனுப்புவார். படம் இருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

காலத்தையும் கவனியுங்கள். ஆடியில் வீடுகளைத் தேடி, ஆவணியில் மானியை நட்டால், புரட்டாசி இடிமழையில் எல்லாருக்கும் கை பழகிவிடும். ஐப்பசி அடைமழையில் வைத்து யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.

வீட்டுவாசலில் நின்று நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இரண்டுதான். "நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்கு இதை யாரு பார்ப்பாங்க?" அப்புறம், "போன டிசம்பர் பெருமழையில ராத்திரி எங்க இருந்தீங்க?" முதல் கேள்விக்கு ஒரு பெயரும், இரண்டாவதற்கு "இங்கதான்" என்றும் பதில் வந்தால் அந்த வீட்டுக் கொல்லையில் இடம் பாருங்கள். இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.